வழி கேட்பவர் காட்டும் வழி

"உங்களிடம் என்ன கெட்டிக்காரத்தனம் உண்டு?" என்று யாராவது திடீரென்று கேட்டுவிட்டால், நம்மில் பெரும்பாலோர் திருதிருவென்று விழிப்போம். சங்கீதம் தெரிந்தவர்கள் சங்கீதம் என்பார்கள். சதுரங்கம் ஆடுகிறவர்கள் சதுரங்கம் என்பார்கள். மற்றவர்களோ, "எனக்கு என்ன தெரியும்? ஏதோ சாப்பிடுகிறேன், ஆபீசுக்குப் போகிறேன், தூங்குகிறேன்" என்று சொல்லிவிட்டு நழுவப் பார்ப்பார்கள். இதை அடக்கம் என்று எண்ணி நாம் பாராட்டுவதும் உண்டு. ஆனால், சற்று யோசித்துப் பார்த்தால், தம் பெட்டியில் இருக்கிற பொருள் இன்னதென்று தமக்கே தெரியாமல் இருப்பதற்கு அடக்கம் என்று பெயர் வைப்பது பொருத்தமாகத் தோன்றவில்லை.

கோப்பைகளும் மெடல்களும் கிடைக்கக்கூடிய திறமைகள் உலகத்தில் கொஞ்சந்தான். கிடைக்காத திறமைகளுக்குக் கணக்கே இல்லை. பத்துப் பேருக்கு வடித்த சாதத்தைப் பதினான்கு பேருக்குக் குறைவு தெரியாமல் பரிமாறுவது ஒரு திறமை. வீரிட்டு அழுகிற குழந்தையை மடியில் வாங்கிய மாத்திரத்தில் சிரிக்க வைப்பது ஒரு திறமை. சண்டை பிடிக்கும் இரண்டு பேருக்கு நடுவில் மூன்றாவது பேச்சு ஒன்றை எடுத்துவிட்டு, எதற்காகச் சண்டை தொடங்கியது என்பதையே மறக்கச் செய்வது ஒரு பெரிய திறமை. இவற்றுக்குப் பாடமும் இல்லை, பரீட்சையும் இல்லை. ஆகையினால் இவை நம்மிடம் உண்டா என்று அறிந்துகொள்ள நமக்குச் சாதாரணமாக வழியும் இல்லை.

ஒரே ஒரு வழி உண்டு. முன்பின் தெரியாத ஒருவர் நம்மிடம் வந்து உதவி கேட்க வேண்டும்.

முன்பின் தெரியாதவர்தான் வேண்டுமா என்று வாசகர்கள் கேட்கலாம். ஆம், அவர்தான் வேண்டும். வீட்டில் உள்ளவர்களுக்கு நம்முடைய திறமை பழகிப்போய்விடுகிறது. தினம் கிடைக்கிற நல்ல காப்பியைப் போல அதை அவர்கள் குடித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். சிநேகிதர்களோ தாட்சண்யம் பார்ப்பார்கள். அந்நியருக்குப் பழக்கமும் கிடையாது, தாட்சண்யமும் கிடையாது. அவருக்கு வேண்டியது காரியம் ஆக வேண்டியது ஒன்றுதான். அது ஆயிற்றா இல்லையா என்பது அவர் முகத்திலேயே தெரிந்துவிடும். அவரைவிட நேர்மையான பரீட்சை அதிகாரி யார் இருக்கிறார்?

இந்தப் பரீட்சை வருஷந்தோறும் மிக விமரிசையாக நடைபெறும் இடங்கள் தென்காசியும் அதற்கு மேற்கே மூன்றே மைல் தூரத்தில் உள்ள குற்றாலமும்.

அருவிக்கரையிலே

ஆனி மாதம் பிறந்து, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மேல்காற்று வீசத் தொடங்கிவிட்டால், திரிகூடமலையின் உச்சி மேகத்துக்குள் மறைந்துவிடும். சாரல் என்பது மழையும் அல்ல, பனியும் அல்ல. நனைகிறோம் என்று தெரிவதற்கு முன்பே நனைத்துவிடுகிற ஒன்று. அப்போது பேரருவி மேலிருந்து பாய்ந்து, நடுவிலே பொங்குமாகடல் என்னும் பாறைக்குழியில் விழுந்து, அங்கே பொங்கி எழுந்து, மறுபடியும் கீழே வருகிறது. பொங்குமாகடல் மட்டும் இல்லாவிட்டால் அந்த வேகத்துக்கு முன் மனிதர் யாரும் தலையைக் காட்ட முடியாது. ஐந்தருவி, பழைய குற்றாலம், புலியருவி என்று மற்ற அருவிகளுக்கும் கூட்டம் கூட்டமாக ஜனங்கள் போகிறார்கள்.

அருவிக்கு ஒரு விசேஷம் உண்டு. எண்ணெய் தேய்த்துத் துண்டு கட்டி நின்ற பிறகு, ஜட்ஜுக்கும் ஜவுளிக்கடைக் கணக்கப்பிள்ளைக்கும் வித்தியாசம் தெரிவதில்லை. யார் யாருக்கு உதவி செய்யலாம், யார் யாரிடம் உதவி கேட்கலாம் என்று ஊரிலே நாம் போட்டு வைத்திருக்கும் கோடுகளையெல்லாம் தண்ணீர் அழித்துவிடுகிறது.

ஒரு சமயம் பேரருவியில் நான் கண்ட காட்சி இது. ஒல்லியான ஒரு மனிதர். பார்த்தால் எங்கேயோ கணக்கு எழுதுகிறவர் என்று தோன்றும். அவருக்குப் பக்கத்தில் வயோதிகர் ஒருவர், அருவியைப் பார்ப்பதும் பின்வாங்குவதுமாகத் தயங்கிக்கொண்டு நின்றார். ஒல்லி மனிதர் ஒன்றும் பேசாமல் வயோதிகரின் மணிக்கட்டைப் பிடித்தார். கையைப் பிடிக்கவில்லை, எண்ணெய்க் கை வழுக்கிவிடும் அல்லவா? பிறகு அவரை அருவிக்கு முதுகு காட்டி நிற்க வைத்து, தோளில் தண்ணீர் விழும்படி இரண்டு அடி நகர்த்தினார். தோளுக்குத் தண்ணீர் பழகியதும் இன்னும் அரை அடி. அப்புறந்தான் தலை. வயோதிகர் வெளியே வந்தபோது அவருடைய முகத்தில் பத்து வயது குறைந்திருந்தது. இதைப் பார்த்துக்கொண்டிருந்த வேறு ஒரு கிழவர், "எனக்கும் கொஞ்சம் பிடியுங்கள், தம்பி" என்றார். அரைமணி நேரத்தில் அந்த மனிதர் ஏழெட்டுப் பேரை அருவிக்குள் அழைத்துப்போய் அழைத்து வந்துவிட்டார். கரை ஏறியதும் மனைவியிடம் அவர் சொன்ன வார்த்தை என் காதில் விழுந்தது: "இது எனக்கு வரும் என்று எனக்கே இன்றைக்குத்தான் தெரியும்."

இது வேடிக்கையாகச் சொல்லக்கூடிய திறமை. வேடிக்கையே இல்லாத திறமையும் அங்கே ஒன்று உண்டு. அதுதான் தண்ணீரைப் படிப்பது. கீழே வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலைமேல் பெருமழை பெய்துவிடலாம். அப்போது அருவி முன்னறிவிப்பு இல்லாமல் பெருகும். ஆனால், முன்னறிவிப்பு இல்லை என்பது வெளியூர்க்காரர்களாகிய நம்முடைய அபிப்பிராயம். தண்ணீரின் நிறம் செம்மண் கலந்து மாறுவதும், சருகும் சுள்ளியும் அடித்துக்கொண்டு வருவதும், இரைச்சல் கனப்பதும் மலையடிவாரத்திலேயே வாழ்கிறவர்களுக்கு அச்சடித்த எழுத்தைப் போலத் தெரியும். 2024ஆம் ஆண்டு மே மாதம் 17ஆம் தேதி பழைய குற்றால அருவியில் இப்படித் திடீரென்று வெள்ளம் வந்தது. குளித்துக்கொண்டிருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். 17 வயதுச் சிறுவன் ஒருவன் அடித்துச் செல்லப்பட்டு உயிர் இழந்தான்.

வெள்ளம் பெருகும் நாட்களில் அதிகாரிகள் குளிப்பதற்குத் தடை போடுகிறார்கள். அந்தத் தடைக்கு அடங்கி நடப்பது முதல் கடமை. ஆனால், தடை வருவதற்கு முந்திய அந்தச் சில நிமிஷங்களில், "போதும் ஐயா, குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு வெளியே வாருங்கள்" என்று பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரர் சொல்லும் ஒரு வார்த்தைக்கு விலை மதிப்பு உண்டா? அவரைக் கேட்டுப் பாருங்கள். "இது என்னங்க பெரிய விஷயம், எல்லாருக்கும் தெரிந்ததுதானே?" என்பார். எல்லாருக்கும் தெரியாது என்பது, தெரியாதவர் ஒருவர் எதிரே வந்து நிற்கும்போதுதான் அவருக்கே விளங்குகிறது.

தென்காசித் தெருமுனையில்

இனிச் சற்று என் சொந்தக் கதை. தென்காசியில் இருபது வருஷமாக நான் உபாத்தியாயர் உத்தியோகம் பார்க்கிறேன். சீஸன் நாட்களில் எங்கள் ஊரில் மனிதரைக் காண்பதைவிட வழி கேட்பவரைக் காண்பதுதான் அதிகம். வழி சொல்லுவதில் திருநெல்வேலிச் சீமைக்காரர்களுக்கு உள்ள தாராள குணம் உலகம் அறிந்தது. ஒருவரைக் கேட்டால் நால்வர் சொல்லுவார்கள். நால்வரும் நான்கு வழி சொல்லுவார்கள். நான்கும் சரியாகவே இருக்கும். கேட்டவர்தான் போய்ச் சேரமாட்டார்.

சில வருஷங்களுக்கு முன் ஓர் ஆடி மாதத்தில், ரத வீதி முனையில் ஒரு கிராமத்துப் பெரியவரும் அவர் மனைவியும் இலஞ்சிக் குமாரர் கோயிலுக்கு வழி கேட்டுக்கொண்டு நின்றார்கள். வழக்கம்போல நால்வர் சொல்லி முடித்திருந்தார்கள். பெரியவருடைய கண்களைப் பார்த்தேன். கடைசி பெஞ்சுப் பையன் பின்னக் கணக்கைப் பார்க்கிற பார்வை அது. நான் அருகில் போய், "அண்ணாச்சி, முதலில் எதுவரைக்கும் தெரியுமோ அதுவரைக்கும் நீங்கள் சொல்லுங்கள்" என்றேன். அவர் சொன்னார். அதற்கு மேல் மூன்றே மூன்று அடையாளங்கள் சொன்னேன். மூன்றாவது இடத்தில் நின்று அங்கே ஒருவரைக் கேட்டுக்கொள்ளும்படி சொல்லி நிறுத்திவிட்டேன். ஒரு தடவை அவரையே திருப்பிச் சொல்லச் செய்தேன். புறப்பட்டுப் போனார்கள்.

சாயங்காலம் அதே முனையில் பெரியவர் என்னைத் தேடிக்கொண்டு நின்றார். கையில் விபூதிப் பொட்டலமும் இரண்டு வாழைப்பழமும் இருந்தன. கடைக்காரர் என்னைக் கூப்பிடும் விதத்தைக் கேட்டுக் கற்றுக்கொண்டிருக்கிறார் போலும். "நாலு பேரு சொன்னது காதிலே விழுந்துது, சார்வாள். நீங்க சொன்னதுதான் காலிலே நின்னுது" என்றார்.

அன்று இரவு யோசித்தேன். நான் செய்தது என்ன? வகுப்பிலே நாள்தோறும் செய்வதைத்தான் செய்திருந்தேன். தெரிந்த இடத்திலிருந்து தெரியாத இடத்துக்குப் போவது. ஒரே மூச்சில் மூன்றுக்கு மேல் சொல்லாமல் இருப்பது. சொன்னதைத் திருப்பிச் சொல்லச் செய்வது. பயிற்சிக் கல்லூரியில் இவற்றையெல்லாம் பெரிய பெயர் வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள். ஆனால், தெருவிலே நின்று வழி சொல்லுவதற்கும் இதுதான் சூத்திரம் என்று யாரும் சொல்லவில்லை.

அது முதல் வழி சொல்லுவதையே ஒரு சாஸ்திரமாக நான் ஆராய்ச்சி செய்யத் தொடங்கிவிட்டேன். நேயர்களுக்குப் பயன்படும் என்பதால் சில முடிவுகளை இங்கே தருகிறேன். முதலாவது, அவர் எங்கே போக வேண்டும் என்பதை உறுதி செய்துகொள்ள வேண்டும். குற்றாலம் வேறு, பழைய குற்றாலம் வேறு. பெயரிலே ஒரு வார்த்தை, பாதையிலே சில மைல். இரண்டாவது, திசை சொல்லக்கூடாது. எங்கள் சீமையில் வீட்டுக்குள்ளேயே, "மேல் பக்கம் இருக்கிற செம்பை எடு" என்பார்கள். ஆனால், மேகம் மூடிய ஊரில் வந்து இறங்கியவருக்குச் சூரியனே தெரியாதபோது கிழக்கு எது, மேற்கு எது? மூன்றாவது, அடையாளம் அசையாததாக இருக்க வேண்டும். கோயில், பாலம், ஆலமரம் நல்லவை. மாட்டுவண்டியும் தள்ளுவண்டியும் ஆகா. நான்காவது, தாண்டிப் போய்விட்டால் தெரிந்துகொள்வதற்கும் ஓர் அடையாளம் கொடுக்க வேண்டும். பெரும்பாலோர் விட்டுவிடுவது இதைத்தான். "இன்னது கண்ணில் பட்டால் திரும்பி வாருங்கள்" என்ற ஒரு வாக்கியம், அலைச்சலில் பாதியைக் குறைத்துவிடும்.

இப்போதெல்லாம் எங்கள் தெருவில் யாரேனும் வழி கேட்டால், "சார்வாளைக் கேளுங்கள்" என்று என் வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். "இருபது வருஷம் பாடம் சொல்லிக்கொடுத்தபோது வராத பேர் இப்போதுதான் வந்திருக்கிறது உங்களுக்கு" என்கிறாள் என் மனைவி. அதில் கேலி எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க நான் முயலவில்லை.

எழும்பூரில் ஒரு சிறுவன்

பிறருக்கு உதவும்போது திறமை வெளிப்படும் என்பதைச் சரித்திரமும் ஒப்புக்கொள்கிறது. அதுவும் நம்முடைய தமிழ்நாட்டுச் சரித்திரம்.

1789ஆம் ஆண்டில் சென்னை எழும்பூரில், ராணுவத்தாருடைய பிள்ளைகளுக்கென்று ஓர் அநாதைப் பள்ளி தொடங்கப்பட்டது. அதன் தலைவராக இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் ஸ்காத்லாந்துப் பாதிரியார். அந்தப் பள்ளியில் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் இருந்தார்கள். பிள்ளைகளுக்குத்தான் எழுத்து ஏறவில்லை. ஒருநாள் காலையில் குதிரைமேல் சவாரி செய்யும்போது, உள்ளூர்த் திண்ணைப் பள்ளியில் குழந்தைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பழகுவதை பெல் கண்டார். தம் பள்ளியிலும் அப்படியே செய்யும்படி உத்தரவிட்டார். ஆசிரியரோ, அது நடவாத காரியம் என்று சொல்லிவிட்டார். சளைக்காத பெல், கீழ் வகுப்புக்கு எழுத்துக் கற்பிக்கும் வேலையை ஜான் ஃபிரிஸ்கென் என்னும் எட்டு வயது மாணவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியரால் நடவாது என்ற காரியம் சிறுவனால் நடந்துவிட்டது.

அவன் கற்பிப்பதில் கெட்டிக்காரன் என்று அதற்கு முன் யாருக்குத் தெரியும்? அவனுக்கே தெரிந்திருக்க நியாயம் இல்லை. எழுத்துத் தெரியாத சின்னஞ்சிறு பிள்ளைகள் எதிரே வந்து உட்கார்ந்தபோதுதான் அது வெளிப்பட்டது. எழுத்து எப்படிப் புரியாமல் இருக்கும் என்பது, அண்மையிலே கற்றுக்கொண்டவனுக்கு நினைவிருக்கும். வெகுகாலத்துக்கு முன் கற்றுக்கொண்ட பெரியவருக்கு மறந்துபோயிருக்கும். இதில் உள்ள ரகசியம் அவ்வளவுதான்.

இந்தச் சோதனையைப் பற்றி பெல் 1797இல் லண்டனில் ஒரு நூல் வெளியிட்டார். மூத்த மாணவன் இளைய மாணவனுக்குக் கற்பிக்கும் அந்த ஏற்பாடு, "மதராஸ் முறை" என்ற பெயரோடு இங்கிலாந்திலும் பிற நாடுகளிலும் பரவிற்று. ஸ்காத்லாந்தில் பெல் பிறந்த செயின்ட் ஆண்ட்ரூஸ் நகரத்தில், அவர் விட்டுச்சென்ற பணத்தைக்கொண்டு 1830களில் நிறுவப்பட்ட பள்ளிக்கு இன்றும் "மதராஸ் காலேஜ்" என்றுதான் பெயர். நம்முடைய திண்ணைப் பள்ளிகளிலே சட்டாம்பிள்ளைகள் எத்தனையோ தலைமுறையாகச் செய்துவந்த காரியம் கடல் கடந்து போய்ப் பெயர் வாங்கிக்கொண்டது. சட்டாம்பிள்ளைக்கு மட்டும் நம் ஊரில் பிரம்பு எடுத்துக் கொடுப்பவன் என்ற பெயர்தான் மிஞ்சியது!

வந்தவர்களால் விளைந்த மேதை

மறுபடியும் தென்காசிக்கு வருவோம். இந்த விஷயத்துக்கு இந்த ஊரில் கிடைக்கும் உதாரணங்களுள் மிகப் பெரியவர், தென்காசியைச் சேர்ந்த ரசிகமணி டி. கே. சிதம்பரநாத முதலியார்தான். தமிழ் உலகம் டி.கே.சி. என்று அவரை அழைத்தது. "குற்றால முனிவர்" என்றும் சொல்லிக் கொண்டாடியது.

அவர் படித்தது சட்டம். வக்கீல் பட்டம் பெற்றிருந்தும் கோர்ட்டில் அவருடைய மனம் ஒட்டவில்லை. சென்னைச் சட்டசபையில் சில காலமும், இந்து அறநிலையங்களின் கமிஷனராகச் சில காலமும் பணியாற்றினார். நல்ல பதவிகள்தாம். ஆனால், அந்தப் பதவிகளுக்காக இன்று அவரை யாரும் நினைப்பதில்லை. எதற்காக நினைக்கிறார்கள் என்றால், வீட்டுக்கு வந்தவர்களுக்கு உபசாரம் செய்ததற்காகவும், அவர்களோடு பேசிக்கொண்டிருந்ததற்காகவும், அவர்களுக்குக் கடிதம் எழுதியதற்காகவும் நினைக்கிறார்கள். இம்மூன்றும் எந்த வீட்டுத் திண்ணையிலும் நடக்கிற காரியங்கள் அல்லவா? இவற்றை ஒருவர் செய்த விதத்தினால் ஒரு நூற்றாண்டு அவரை நினைக்கிறது என்றால், அன்றாடத் திறமை என்பதை இனி அலட்சியமாகப் பேசலாமா?

1920களில் அவர் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் வசித்தபோது, வீட்டினுள் வட்டமாக அமைந்த ஒரு தொட்டிக்கட்டில் அன்பர்கள் கூடினார்கள். "வட்டத்தொட்டி" என்று அந்தச் சபைக்கே பெயர் ஆகிவிட்டது. அதற்குச் சந்தா இல்லை, தலைவர் இல்லை, தீர்மானங்கள் இல்லை. ஒரு பாட்டை எடுத்துக்கொள்வார்கள், பேசுவார்கள். கம்பன் வருவான், முத்தொள்ளாயிரம் வரும். பின்னால் அவர் குற்றாலத்தில் வசித்த காலத்தில் சீஸனுக்கு வருகிறவர்களுக்கு அருவி ஒன்று, டி.கே.சி. வீடு ஒன்று என்று இரண்டு ஸ்நானம் கிடைத்தது. ராஜாஜி வந்தார், கல்கி வந்தார். பேர் தெரியாத பள்ளி ஆசிரியர்களும் வாலிபர்களும் வந்தார்கள். இடைசெவலிலிருந்து கி. ராஜநாராயணன், கு. அழகிரிசாமி என்ற இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். பிற்காலத்தில் அவ்விருவருமே சாகித்ய அகாதெமியின் பரிசு பெற்ற எழுத்தாளர்கள் ஆனார்கள். ஷேக்ஸ்பியருடைய நாடகங்களைத் தமிழில் தந்த நீதிபதி எஸ். மகராஜனும், "வேங்கடம் முதல் குமரி வரை" எழுதிய பாஸ்கரத் தொண்டைமானும் அவருடைய அன்பர்களே.

வந்தவர்களில் பலருக்கு ஒரு பயம் இருந்தது. பாட்டு என்றால் பதவுரை, பொழிப்புரை, இலக்கணக் குறிப்பு என்று பள்ளிக்கூடத்தில் ஏற்பட்ட பயம் அது. அருவிக்குமுன் தயங்கி நின்ற வயோதிகரைப் போலத்தான் அவர்கள் கவிதைக்கு முன் நின்றார்கள். டி.கே.சி. என்ன செய்தார்? பாட்டை வாய்விட்டு நிதானமாகப் படித்தார். மறுபடியும் படித்தார். சீரை எண்ணாமல், பொருளும் உணர்ச்சியும் நிற்கிற இடத்தில் நிறுத்தினார். அச்சிலே வெளியிட்டபோதும் செய்யுளை அப்படியே பிரித்து அடுக்கினார். நாம் வீட்டிலே பேசுகிற பேச்சோடு பாட்டின் வார்த்தையைப் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதலில் தோள் நனைந்தது. பிறகு தலை நனைந்தது. கடைசியில் கேட்டவர், "இவ்வளவுதானா? இது எனக்கு முன்பே தெரியுமே!" என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினார்.

இந்தத் திறமையை அவர் எந்தக் கல்லூரியிலும் கற்றதாகத் தெரியவில்லை. கோர்ட்டிலும் கச்சேரியிலும் அதற்கு வேலை இல்லை. தெரியவில்லை என்று சொல்லிக்கொண்டு ஒருவர் பின் ஒருவராக வந்தார்களே, அவர்கள்தாம் அவரிடமிருந்து அதை வெளியே வாங்கினார்கள் என்பது என் எண்ணம். தனியாக ஓர் அறையில் உட்கார்ந்து கம்பனைப் படித்துக்கொண்டே இருந்திருந்தால், நல்ல ரசிகர் ஒருவர் இருந்தார் என்பதோடு முடிந்திருக்கும்.

அவர் ஒருவரைத் தூக்கிப் பிடித்த கதையும் இங்கே சொல்லத்தக்கது. நாஞ்சில்நாட்டுத் தேரூரில் பிறந்து, ஆசிரியர் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் எளிய தமிழில் பாட்டு எழுதிக்கொண்டிருந்தார். தம்மைப் பற்றிப் பேசும் வழக்கமே இல்லாதவர். அவருடைய பாட்டின் அருமையைக் கண்டு, போகிற இடமெல்லாம் சொல்லிச் சொல்லித் தமிழ்நாட்டுக்கு அவரை அறிமுகம் செய்தவர்களில் டி.கே.சி. முதன்மையானவர். அந்த ஆசிரியர்தான் கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை. ஒருவருடைய திறமையை மற்றொருவர் கண்டு சொல்ல, அப்படிக் கண்டு சொல்லுவதே தமக்கு வாய்த்த திறமை என்று சொன்னவருக்கும் தெரிந்துவிடுகிறது. இருவரும் 1954ஆம் ஆண்டிலேயே காலமானார்கள்.

டி.கே.சி.யைப் பண்டிதர்கள் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள் என்று சொல்லமுடியாது. கம்பராமாயணத்தில் ஏராளமான பாடல்களை இடைச்செருகல் என்று அவர் தள்ளினார். சில பாடல்களில் சொற்களையும் திருத்தினார். இதைக் கண்டித்தவர்கள் பலர். ஏட்டுச் சுவடியை ஒப்புநோக்கிப் பதிப்பிப்பது வேறு கலை. அந்தக் கலையின் தராசில் நிறுத்தால் கண்டித்தவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. நான் இங்கே பேசுவது அவருடைய பதிப்பைப் பற்றி அல்ல. கவிதை தமக்கு எட்டாது என்று எண்ணியவர்களை மணிக்கட்டைப் பிடித்து உள்ளே அழைத்துச் சென்றாரே, அந்தக் காரியத்தைப் பற்றி. அதில் அவருக்கு ஈடாக ஒருவரைச் சொல்லுவது கஷ்டம்.

பாண்டியன் வணங்கியது யாரை?

தென்காசிக்கு வருகிறவர்கள் காசி விசுவநாதர் கோயிலைத் தரிசிக்காமல் போவதில்லை. பதினைந்தாம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் கட்டிய கோயில் அது. அந்த அரசன் கல்லிலே ஒரு விண்ணப்பம் வெட்டி வைத்திருக்கிறான். இந்தக் கோயிலுக்குப் பிற்காலத்தில் ஏதாவது குறை நேர்ந்தால், அதைச் சரிசெய்து காப்பவர் யாராக இருந்தாலும் அவருடைய பாதத்தில் தான் விழுந்து வணங்குவதாக அதன் கருத்து. கட்டியவன் அரசன். வணங்குவதோ, இன்னும் பிறக்காத, பேர் தெரியாத ஒருவரை!

அரசன் அஞ்சியபடியே குறை நேர்ந்தது. பெரிய கோபுரம் சிதைந்து, பல தலைமுறைகள் மொட்டைக் கோபுரமாகவே நின்றது. 1990ஆம் ஆண்டில் ஒன்பது நிலைகளோடு, ஏறக்குறைய 180 அடி உயரத்துக்கு அது மறுபடியும் எழுந்தது. பணம் கொடுத்தவர்களும் சிற்பிகளும் மட்டுமா அதைக் கட்டினார்கள்? சாரம் கட்டியவர்களும், சுண்ணாம்பு சுமந்தவர்களும் சேர்ந்துதான் கட்டினார்கள். அத்தனை பேரையும் பாண்டியன் முன்கூட்டியே வணங்கிவிட்டான். தன் காரியம் நிலைப்பதற்குத் தனக்குத் தெரியாத ஒருவரின் கை வேண்டும் என்பதை அறிந்திருந்த அரசன் அவன்.

இந்த அறிவு நமக்கு இன்று குறைந்துவருகிறதோ என்று எனக்கு ஒரு கவலை. இப்போது கைப்பேசியே வழி சொல்லிவிடுகிறது. சௌகரியமான விஷயம்தான், அதைக் குறைகூற நான் வரவில்லை. ஆனால், சென்ற சீஸனில் ரத வீதி முனையில் ஒரு மணி நேரம் நின்றிருந்தபோது, என்னிடம் வழி கேட்டவர்கள் இரண்டே பேர். பிரயாணிகளுக்கு நஷ்டம் ஒன்றும் இல்லை. அவர்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்திருப்பார்கள். நஷ்டம் தெருவில் நிற்பவர்களுக்கு. தாம் எதற்கு உதவக்கூடியவர் என்று தெரிந்துகொள்ளும் சந்தர்ப்பம் அவர்களை ஒதுக்கிவிட்டுப் போய்விடுகிறது.

பெற்றோர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்று உண்டு. வீட்டுக்கு யாராவது வந்தால், குழந்தைகளை உள்ளே போய்ப் படிக்கச் சொல்லி விரட்டாதீர்கள். வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்கச் சொல்லுங்கள். பஸ் நிலையம் வரையில் வழி சொல்லச் சொல்லுங்கள். கூடவே போகக்கூடிய வயதானால் கூட்டிக்கொண்டு போகட்டும். மூத்த பெண்ணைப் பக்கத்து வீட்டுச் சிறு பையனுக்குப் பெருக்கல் வாய்பாடு கற்பிக்கச் சொல்லுங்கள். கண்ணாடியை மறந்துவிட்டு வந்த பாட்டிக்குப் பத்திரிகை படித்துக் காட்டச் சொல்லுங்கள். அவர்களுக்கு எது வரும் என்பது மார்க்குப் பட்டியலைவிடச் சீக்கிரமாக உங்களுக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

குற்றாலத்துக்கு வரும் நேயர்கள் தென்காசியில் இறங்கினால், கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, எதிரே வருகிற யாராவது ஒருவரிடம் ஒரு தடவையாவது வழி கேளுங்கள். ஐந்து நிமிஷம் அதிகமாகலாம். நால்வர் கூடி நான்கு வழி சொல்லவும் கூடும். அந்த நால்வரில் ஒருவர், தமக்கு இது வரும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டவராக இருப்பார்.